கீழிருந்து மேலே

தபால் பிரிப்புக்கூடத்து மேற்பார்வையாளருக்கு இன்ஸ்பெக்டரைப் பார்த்ததுமே இளக்காரம். பாதி ஊரை ஏமாற்றிய, வீடு கட்டும் காண்ட்ராக்டர் ஒருவன் கொலையாகிப் பத்து வருஷம் ஆகிறது. அவனுக்கு வந்த மிரட்டல் கடிதத்தின் உறையைத் தூக்கிக்கொண்டு இப்போதுதான் போலீஸ் வருகிறது!

"இந்த முத்திரையை வச்சு, எங்க போட்டாங்கன்னு சொல்ல முடியுமா சார்?"

"எல்லாப் பெட்டித் தபாலும் இங்கதான் வந்து கொட்டும். எல்லாத்துக்கும் ஒரே முத்திரை. இதுகூடத் தெரியாமலா போலீஸ்ல இருக்கீங்க?"

"அதையே எழுதிக் கவர்ல போட்டுக் குடுத்துடுங்க. மேல எங்க ஸ்டேஷன் அட்ரஸ்."

தலையெழுத்தே என்று எழுதினார். உறையின் அடியில் முதலில் ஊர், அதற்கு மேலே தெரு, கடைசியாக உச்சியில் பெயர்.

"என்ன சார், தலைகீழா எழுதறீங்க?"

"பிரிக்கிறவன் முதல்ல ஊரைத்தான் பார்ப்பான். பேரு யாருக்கு வேணும்?"

"இங்க எல்லாரும் இப்படித்தானா?"

"இந்த மந்தையா? தலைபாடா அடிச்சுக்கிட்டேன், ஒருத்தன் மண்டையிலயும் ஏறல. நான் ஒருத்தன்தான்."

இன்ஸ்பெக்டர் பழைய உறையை அவர் பக்கம் நகர்த்தினார். அடியில் ஊர்ப்பெயர் கன்னங்கரேலென்று இருந்தது. அதற்கு மேலே தெரு மங்கியிருந்தது. உச்சியில், செத்தவன் பெயருக்கு வருவதற்குள் பேனாவில் மை தீர்ந்து வெறும் கீறல்தான் விழுந்திருந்தது.

"நீங்க ஒருத்தர்தான்னு சொன்னீங்களே சார், அதையும் எழுதிக் குடுத்துடுங்க."