துளைத்தட்டின் தாராள மனசு

சாண எரிவாயுவைச் சுத்தம் செய்யும் குழாய்க்குள் ஒரு துளைத்தட்டு இருந்தது. அதன்மேல் படிந்திருந்த மெல்லிய சவ்வு, கரியமில வாயுவை மட்டும் கீழே விடும், மீத்தேனைத் தடுத்துவிடும்.

"எனக்கு இந்தப் பாகுபாடே பிடிக்காது. என் வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கு" என்று துளைத்தட்டு பெருமையடித்துக்கொள்ளும். கரியமில வாயுவும் தலையாட்டிவிட்டுப் போகும்.

ஒருநாள் சவ்வில் ஊசிமுனையளவு ஓட்டை விழுந்தது. மீத்தேன் கும்பலாக இறங்கியது. "அண்ணே, உங்களை நம்பித்தான் வந்தோம்!"

துளைத்தட்டுக்கு மூச்சு முட்டியது. "யோவ் சவ்வு, தூங்குறியா? கண்டவனெல்லாம் உள்ளே வர்றான்!" என்று அலறியது.

மெக்கானிக் வந்து ரப்பர் பசை தடவி ஓட்டையை அடைத்தார். துளைத்தட்டுக்கு உயிர் வந்தது. அடுத்து வந்த கரியமில வாயுவிடம் அது வருத்தத்தோடு சொன்னது: "பாவம், அந்த மீத்தேன். இந்தச் சவ்வுக்கு நெஞ்சில ஈரமே கிடையாது."