எண்பது சென்ரிமீற்றர்

"எண்பது. அதுக்கு மேலை ஒரு சென்ரிமீற்றரும் வேண்டாம், அப்பா."

"உனக்கென்ன விசரோ பிள்ளை? கை கழுவுற பேசின் எண்பத்தைஞ்சிலை இருக்கவேணும். இருபத்தாறு வருசம் இந்த ஹம் பட்டணம் முழுக்கக் குழாய் பூட்டினவன் நான்!"

ரைல்ஸ் எல்லாம் உடைத்துக் கொட்டிய குளியலறையில் நின்று வாசுதேவன் சுவரை அளந்துகொண்டிருந்தார். அளவுநாடாவின் மற்ற முனை மகள் வேணுஜாவின் கையில். அவரோடு முன்பு வேலை செய்த ஆரூரன் இரண்டு மணிக்குக் குழாய் பூட்ட வந்துவிடுவார். அதற்குள் சுவரில் கோடு விழவேண்டும். குழாயைச் சுவருக்குள் புதைத்து ரைல்ஸ் ஒட்டினால் பிறகு ஒருத்தராலும் ஒன்றும் செய்ய ஏலாது.

"அம்மா கட்டையெல்லோ? எண்பத்தைஞ்சிலை வைச்சால் முழங்கை வரைக்கும் நனைப்பா."

"முப்பது வருசமாய் நனையாத முழங்கை இப்பதான் நனையப்போகுதோ?"

வேணுஜா நாடாவை எண்பதிலேயே அழுத்திப் பிடித்தாள். அம்மாவாவது, முழங்கையாவது! எல்லாம் பச்சைப் பொய்.

மூன்று கிழமைக்கு முன் டோர்ட்மண்ட் ஆஸ்பத்திரியில் டொக்டர் ஜெர்மன் பாஷையில் சொன்னதை அவள்தான் தகப்பனுக்குத் தமிழில் சொன்னாள். பத்து வயதிலிருந்தே அந்த வீட்டுக்கு அவள்தான் வாய். பள்ளிக்கூடமோ, வரிக் கந்தோரோ, ஆஸ்பத்திரியோ, அவளைத்தான் முன்னுக்கு விடுவார்கள். அப்பா பக்கத்துக் கதிரையில் சிவனே என்று இருப்பார். அவருடைய டொச் பாஷை குழாய்க் கடையோடு சரி.

டொக்டர் சொன்னது இதுதான். வலக்கையில் தொடங்கின பலவீனம் காலுக்கும் இறங்கும், ஒரு வருசத்துக்குள் சக்கர நாற்காலி, மாற்ற மருந்து இல்லை. அவள் சொன்னதோ, "நரம்பிலை சின்னப் பிரச்சினையாம் அப்பா. குளிசை போட்டால் மாறிடுமாம்."

அன்றைக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தாயும் மகளும் அழுது தீர்த்தார்கள். தெரிந்தால் மனுசன் அந்தக் கணமே படுத்துவிடுவார், மூச்சு விடக்கூடாது என்று தாய் கமலாம்பிகை சத்தியம் வாங்கிவிட்டாள். குளியலறையைப் புதுப்பிப்போம் என்ற கதையைக் கிளப்பியதும் அவர்கள்தான். நாற்காலியோடு உள்ளே வந்து, பேசினுக்குக் கீழே முழங்காலை விட்டு, அப்பா தன் முகத்தைத் தானே கழுவவேண்டும். வேணுஜாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"மூலையிலை வைப்பம். தண்ணி வாற குழாய் அங்கைதானே கிடக்கு," என்றார் வாசுதேவன்.

"மூலையிலை வேண்டாம். இஞ்சை, நடுவிலை. முன்னுக்குத் தாராளமாய் இடம் இருக்கவேணும்."

"டான்ஸ் ஆடப்போறியோ?"

"ஓம், ஆடப்போறன்! வைக்கிறீங்களோ இல்லையோ?"

மணி ஒன்றே முக்கால்.

"சரி. நடுவிலை. எண்பது." வாசுதேவன் இடது கையில் பென்சிலைப் பிடித்து, பிசகாமல் நேராய் ஒரு கோடு இழுத்தார். "கீழை ஒரு அலுமாரி வைப்பம்."

"ஐயோ வேண்டாம்!" அவள் கத்தியே விட்டாள். "பூஞ்சணம் பிடிக்கும். கீழை ஒண்டுமே வரக்கூடாது. கழிவுக்குழாயின்ர வளைவும் சுவருக்குள்ளை போகவேணும்."

"பிறகு அடைச்சால், மூடியைக் கழட்டிக் கழட்டி ஆர் துப்பரவாக்கிறது?"

"நான்."

"நீயோ? சாப்பிட்ட கோப்பையே கழுவாதவள்!"

"அப்பா... எனக்காக..." குரல் உடைந்துவிட்டது. இன்னும் ஒரு சொல் வந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேனே என்று அவளுக்கே நடுக்கமாக இருந்தது. வாசுதேவன் மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரியடி, அழாதை. சுவருக்குள்ளையே போகட்டும். உன்ர விருப்பம்."

அப்பாடா! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குசினியில் கமலாம்பிகை சம்பலுக்குக் கிரைண்டரைப் போட்ட சத்தம் கேட்டது.

அழைப்புமணி அடித்தது. ஆரூரன் கருவிப்பெட்டியோடு நேரே குளியலறைக்கு வந்து, சுவரில் இருந்த கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"எண்பது. ஓம் அண்ணை, போன கிழமை நீங்கள் ஃபோனிலை சொன்ன அளவேதான். சுவருக்குள்ளை வைக்கிற வளைவும் கொண்டந்திருக்கிறன். கைபிடி பூட்ட உள்ளுக்குப் பலகையும் போட்டுவிடுறன். சக்கர நாற்காலி வர, இந்த வாசலையும் இண்டைக்கே அகலமாக்கட்டோ?"

வேணுஜா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தாறு வருசம் டொச்சுக்காரரோடு வேலை செய்த மனுசனுக்கு டொச் விளங்காது என்று அவளுக்கு ஆர் சொன்னது? ஒருத்தரும் சொல்லவில்லை, அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

கிரைண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாசுதேவன் குசினிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, மகளுக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கொம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, பிள்ளை."