பத்தொன்பதாம் எண் ஸ்பானர்

ஊர்மிளா நௌடியாலின் வேலைக்கு உலை வைக்க, தர்வான் சிங்குக்கு ஒரு விரல் நீள ஸ்பானர் போதுமானதாக இருந்தது.

பதினாலு வருஷமாக கேதார்நாத் யாத்திரை ஹெலிகாப்டர்களுக்கு அடியில் குளிரில் படுத்துக் கிடப்பவன் அவன். தலைமை டெக்னீஷியன் பதவி காலியானால் அவனுக்குத்தானே வரவேண்டும்? மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த ஊர்மிளா, "பைஜி, பைஜி" என்று அண்ணன் முறை கொண்டாடியே அதைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள். இன்றைக்கு தில்லியிலிருந்து வரும் ஆய்வாளர் யார் பேரை எழுதுகிறாரோ அவருக்குத்தான் பதவி என்று மேனேஜர் குக்ரேத்தி சொல்லிவிட்டார்.

அந்த வேலையில் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்தில் ஒரு பள்ளம். எல்லாவற்றிலும் சொந்தக்காரரின் எண் செதுக்கியிருக்கும். வேலை முடிந்ததும் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். ஹெலிகாப்டர் கிளம்புமுன் மறுபடி எண்ணி இன்னொரு கையெழுத்து. உள்ளே மறந்துபோன ஒரு ஸ்பானர் எதிலாவது போய்ச் சிக்கினால், பைலட்டோடு சேர்த்து ஏழு பேரை மலைச்சரிவில்தான் பொறுக்க வேண்டும்.

ஆனால் இரண்டாவது தடவை யார் எண்ணுகிறார்கள்? கையெழுத்து மட்டும்தான் விழும். தர்வான் நம்பியிருந்ததும் அதைத்தான்.

ஏழரைக்கு ஊர்மிளா வேலையை முடித்து, எண்ணி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். தர்வான் அவள் பெட்டியிலிருந்து அந்தச் சின்ன ஸ்பானரை எடுத்தான். அதில் அவளுடைய எண், பத்தொன்பது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் நழுவவிட்டான். யாரையும் கொல்ல அவனுக்கு ஆசையில்லை. ஹெலிகாப்டர் பத்து மணிக்குத்தான் கிளம்பும். ஆய்வாளர் ஒன்பதுக்கே வந்துவிடுவார். 'அந்தப் பின்பக்கம் கொஞ்சம் பாருங்க சார்' என்று ஒரு வார்த்தை காதில் போட்டால் முடிந்தது.

ஆய்வாளர் மொஹந்தி வந்தார். ஒல்லியான மனுஷன், சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்பவர். தர்வான் வாயைத் திறப்பதற்குள் ஊர்மிளா முந்திக்கொண்டாள்.

"சார், ரெண்டாவது தடவை எண்ணும்போது என் பெட்டியில ஒரு ஸ்பானர் குறையுது. ஹெலிகாப்டர நிறுத்தி வச்சிட்டேன்."

அடிப்பாவி, நிஜமாகவே எண்ணித் தொலைத்திருக்கிறாள்!

மேனேஜர் குக்ரேத்தி தலையில் அடித்துக்கொண்டார். "ஆறு யாத்ரிகருங்க காத்துட்டிருக்காங்கம்மா! அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஸ்பானரத் தேடிட்டிருக்கோம்னு சொல்லுங்க. என்னை முறைச்சா அது வந்துடுமா?"

"எல்லாரும் பெட்டியத் திறங்க" என்றார் மொஹந்தி.

தர்வான் ஜம்மென்று திறந்து காட்டினான். ஒரு பள்ளம்கூடக் காலியில்லை. "பதினாலு வருஷ சர்வீஸ் சார். நம்ம பெட்டியில குறைங்கிற பேச்சுக்கே இடமில்ல." பிறகு பெரிய மனசு பண்ணி, "பாவம், சின்னப் பொண்ணு. கியர்பாக்ஸ் பின்பக்கம் பாருங்க சார், அங்கதான் வேலை செஞ்சுட்டிருந்தா" என்றான்.

பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் நீளக் காம்பில் ஒரு குட்டிக் கண்ணாடி மொஹந்தியிடம் இருந்தது. டார்ச்சை அடித்து அதை உள்ளே விட்டார். அரை மணி நேரம் கழித்து ஸ்பானர் வெளியே வந்தது. பத்தொன்பது.

ஊர்மிளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் சரியா எண்ணித்தான் சார் வச்சேன்... எப்படி உள்ள போச்சுன்னே தெரியல. என் லைசென்ஸ்..."

"அதுக்கு ஒண்ணும் ஆகாது. தொலைச்சது தப்பு, உடனே சொன்னது சரி. சொன்னவங்களத் தண்டிச்சா நாளைக்கு ஒருத்தனும் வாயத் திறக்கமாட்டான்." மொஹந்தி குறிப்பேட்டில் ஊர்மிளாவின் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

தர்வானுக்கு வயிறு எரிந்தது. செய்த சதி அவளுக்கே நற்சான்றிதழாகப் போய்விட்டதே!

மொஹந்தி மறுபடி கண்ணாடியை உள்ளே விட்டார். "இருங்க, இன்னொண்ணும் கிடக்கு."

இந்தத் தடவை வந்தது துருவும் கிரீஸும் அப்பிய ஒரு பழைய ஸ்பானர். "வருஷக்கணக்கா உள்ளயே இருந்திருக்கு. எத்தனை தடவை கேதார்நாத் தரிசனம் பண்ணிச்சோ! தொலைச்சவன் யார்கிட்டயும் மூச்சு விடல. புதுசு ஒண்ணு வாங்கிப் பெட்டிய நிரப்பிட்டு, 'குறைவில்லை'ன்னு தினம் கையெழுத்தும் போட்டிருக்கான். இவனுக்கு மன்னிப்பே கிடையாது. லைசென்ஸும் போகும், போலீஸும் வரும்."

தர்வானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வேற யாரு சார்? இந்தப் பொண்ணாத்தான் இருக்கும். அதுவும் பத்தொம்பதுதான். நல்லாத் துடைச்சுப் பாருங்க!"

மொஹந்தி கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் ஸ்பானர் மந்தாகினி ஆற்றோடு போய்விட்டதென்று தர்வான் சிங் சத்தியமாக நம்பி, ஹரித்வார் கடையில் அதேபோல் ஒன்று வாங்கி, அதில் தன் கையாலேயே செதுக்கிப் பெட்டியில் வைத்துக்கொண்ட அவனுடைய அதே எண்: பதினொன்று.