பால் கஞ்சியில் இறைச்சிக் கரண்டி

"ஒண்ணு இந்த முகாம்ல அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

சமையல்காரி பெஸ்ஸி ஒரு கரண்டியை நீட்டிக்கொண்டு நின்றாள். சிவப்புப் பட்டை போட்ட கரண்டி. இறைச்சிக்கு மட்டுமே உரியது. அது காலையில் பால் கஞ்சி அண்டாவுக்குள் கிடந்திருக்கிறது.

முகாம் தலைவர் ஹெர்ஷல் தலையில் கைவைத்துக்கொண்டார். யூதப் பிள்ளைகளின் கோடை முகாம் அது. மத விதிப்படி அங்கே பாலும் இறைச்சியும் ஒன்றோடொன்று பட்டுவிட்டால் போச்சு, அண்டாவையும் கரண்டியையும் கொதிக்கக் கொதிக்கச் சுத்தம் செய்தாக வேண்டும்.

"யார் வேலை?"

"வேற யாரு? தாஃப்னாதான். யாருடி போட்டதுன்னு கேட்டு முடிக்கல, 'நான்தான்'னு பல்லைக் காட்டுறா!"

இந்தக் கோடையில் பெரிய பிள்ளைகளுக்கு என்ன பேய் பிடித்ததோ தெரியவில்லை. முதலில் ஒரு படகு சாப்பாட்டுக் கூடத்தின் கூரைமேல் ஏறியது. பிறகு ஹெர்ஷலின் உள்ளாடை கொடிக்கம்பத்தில் ஏறியது. மொத்த முகாமும் அதற்கு வணக்கம் வைத்தது. அவருடைய ஷூக்கள் அடிக்கடி காணாமல் போயின. அதற்குப் பயந்து இப்போதெல்லாம் ஷூவை அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு தூங்குகிறார்.

எல்லாவற்றுக்கும் அவர் தரும் தண்டனை ஒன்றுதான். "ஒரு வாரம், ஏரிக்கரையில் காலைப் பிரார்த்தனை!" இஷ்டமிருந்தால் வரலாம் என்கிற பிரார்த்தனை அது. விடுமுறையில் தூக்கத்தை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

அந்தத் தண்டனையில் ஹெர்ஷலுக்கும் ஒரு லாபம் இருந்தது. அதை நினைத்தால் அவருக்கே கூச்சமாக இருக்கும்.

பனி உருகும் சமயத்தில் அவர் அம்மா இறந்துபோனார். மகன் தினமும் அம்மாவுக்காக கதிஷ் என்ற இரங்கல் பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்ல முடியாது. ஆணோ பெண்ணோ, பதின்மூன்று வயது கடந்த பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். முகாம் தொடங்கிய புதிதில் அவரோடு சேர்த்து ஆறு பேர்தான் தேறினார்கள். புத்தகத்தை மூடிவிட்டு, அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டபடி திரும்பி வருவார்.

யாரையும் கூப்பிடவும் மனசு வரவில்லை. என் அம்மாவுக்காக ஊரான் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுப்பதா?

அப்புறம்தான் சேட்டை தொடங்கியது. தண்டனை பெற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து நிற்க, பத்துக்குக் குறையவே இல்லை. பிள்ளைகள் கெட்டுப்போனதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்ன ஒரே முகாம் தலைவர் அவராகத்தான் இருப்பார்.

ஆனால் இன்றைக்கு நடந்தது சேட்டை இல்லை. தாஃப்னாவைக் கூப்பிட்டார்.

"ஏன் இப்படிப் பண்ணினே?"

தாஃப்னா ஷூ நுனியால் தரையைக் கீறினாள்.

"சரி. பையை எடுத்து வை. உங்கப்பாவுக்கு போன் பண்றேன். வந்து சிகாகோவுக்குக் கூட்டிட்டுப் போகட்டும்."

பதினைந்து வயதுப் பெண், பொலபொலவென்று அழுதாள். "வீட்டுக்கு மட்டும் வேணாம் ஹெர்ஷல்! பிரார்த்தனைக்கு வர்றேன். ரெண்டு வாரம்கூட வர்றேன்!"

"தண்டனையிலயும் பேரமா? போ வெளியே!"

போனைக் கையில் எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே குசுகுசுவென்று சண்டை கேட்டது. தாஃப்னாவும் அவள் கூட்டாளிப் பையன் சீவியும்.

"சேட்டை பண்ணச் சொன்னா கரண்டியிலயா கை வைப்ப, அறிவு கெட்டவளே?"

"எனக்கென்னடா தெரியும்? எங்க வீட்டுல எல்லாத்துக்கும் ஒரே கரண்டிதான்! சின்னத் தப்புன்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சே! இப்ப நீ போயிட்டா நாளைக்கு ஒன்பது பேர்தான். அவரு எப்படி அவங்கம்மாவுக்குச் சொல்லுவாரு?"

"உன் தண்டனைதான் இன்னியோட முடியுதே. நீ இல்லாம எட்டுன்னு சொல்லு. இன்னிக்கு நீயும் எதையாவது பண்ணித் தொலை."

"என்னத்தப் பண்றது? ஷூவைத்தான் பூட்டி வச்சிடுறாரே மனுஷன்!"

"பேசாம நாமளே போய் நின்னா என்ன?"

"முதல் வாரம் நான் போனேனே! 'எனக்காக எழுந்தியாப்பா, போய்த் தூங்கு'ன்னு விரட்டிட்டாரு. தண்டனைன்னாதான் விரட்ட மாட்டாரு."

ஹெர்ஷல் போனை வைத்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடியை அல்ல. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முடிந்த மட்டும் முகத்தைக் கடுகடுப்பாக்கி வெளியே வந்தார்.

"தாஃப்னா! கரண்டியில கை வச்சிட்டு வீட்டுக்குப் போய் சொகுசா தூங்கலாம்னு பார்த்தியா? அவ்வளவு லேசுல விடமாட்டேன். முதல்ல பெஸ்ஸிகிட்ட மன்னிப்புக் கேளு, அண்டா தேய். அப்புறம் முகாம் முடியுற வரைக்கும் தினமும் ஏரிக்கரைக்கு வரணும்!"

"ஐயோ!" என்று தாஃப்னா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். நல்ல நடிகை.

சீவியின் பக்கம் திரும்பினார். "நீ ஏன்டா முழிக்கிறே? நீ ஒண்ணும் தப்புப் பண்ணலையே?"

"இன்னும் இல்ல," என்றான் சீவி கவலையோடு.

பெஸ்ஸியைச் சமாதானப்படுத்துவதற்குள் ஹெர்ஷலுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்று படுக்கப் போகும்போது ஷூக்களைத் துடைத்து, வாசற்படியில், எடுப்பவன் கைக்கு எட்டும் இடமாகப் பார்த்து வைத்தார். கதவை மட்டும் பூட்டிக்கொண்டார்.