சே வா

அவள் மகளின் கையை விட்டாள்.

எதிர்வீட்டு மாடிப் பால்கனியிலிருந்து மிக்தாலியா கூப்பிடுகிறாள். விடாமல் என்ன செய்வது?

"வா, வா."

மிக்தாலியாவுக்கு அவளே சொல்லிக்கொடுத்த தமிழ்ச் சொல். கணவனுக்கு ஹவானாவில் ஹோட்டல் கட்டும் வேலை. வந்த புதிதில் பாஷை தெரியாமல் அல்லாடியவளைச் சைகையிலேயே சிநேகம் பிடித்தவள் மிக்தாலியா. ரொட்டி வாங்கக் கயிற்றில் கூடை இறக்குவாள். அதில் தாரிணிக்கு ஒரு கொய்யா மிட்டாய் இருக்கும். "வா" என்றால் போதும், குழந்தை பறந்துவிடும்.

இன்றும் ஓடியது.

கூடையைக் காணோம்.

நிமிர்ந்து பார்த்தாள். மிக்தாலியா வீட்டுக்குள் போகும் கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தாள். கதவு கோணி இறுகியிருந்தது.

உப்புக்காற்று தின்ற வீடு. வளைவுகளுக்கு அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அதையும் அழகு என்று படம் எடுத்துத் தள்ளுவார்கள். மழையில் இந்த வீடுகள் விழாது, மழை விட்டு வெயில் காயும்போதுதான் விழும் என்று கணவன் சொல்லியிருந்தான்.

நேற்றுதான் மழை விட்டது.

குழந்தையின் தலைக்கு மேல் காரை உதிர்ந்தது. பால்கனி ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"சே வா, சே வா."

அந்தச் "சே" இப்போதுதான் காதில் விழுந்தது. பஸ் கிளம்பும்போது ஓடிவருகிறவர்கள் கத்துவதும் இதைத்தான். அவர்கள் பாஷையில் போகுது, போகுது என்று அர்த்தம்.

ஓட வேண்டும். கால் எழவில்லை. பெற்றவளுக்கு இப்படியும் ஆகுமா?

"தாரிணி, இங்க வாடி."

குழந்தை திரும்பிப் பார்த்தது. மேலே பார்த்தது.

"அத்தையும் கூப்பிடறாங்கம்மா."

அங்கேயே நின்றது.

பாழாய்ப்போன சொல். எதற்குச் சொல்லிக்கொடுத்துத் தொலைத்தோம்?

குழந்தை மேலே பார்த்து இரண்டு கைகளையும் நீட்டியது.

அப்போதுதான் மிக்தாலியா கீழே பார்த்தாள். கதவை இடிப்பதை விட்டாள். நீட்டிய கைகளையே பார்த்தாள்.

பிறகு தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

தெருவில் இப்போது ஒரு குரல்தான்.

"வா கண்ணு. அம்மாகிட்ட வா."

மிட்டாய் கிடைக்காத ஏமாற்றத்தில் குழந்தை உதட்டைப் பிதுக்கியது. ஓடவில்லை. நடந்துதான் வந்தது. பாதித் தெருவில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு வந்தது.

வாரி அணைத்துக்கொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் தெருவே அதிர்ந்தது. புழுதி வந்து மூடியது. யார் யாரோ கத்திக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார்கள். அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

குழந்தை அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, அத்தை இப்ப கூப்பிடவே மாட்டேங்கறாங்க?"