யார் விட்ட பந்து?

"ரெண்டு செகண்டு. அதுக்குள்ள பந்து நம்ம பையன் கையிலேருந்து ரெண்டாவது பேஸுக்குப் போயாகணும். இல்லன்னா அந்த மனுஷன் பேனாவைக்கூடத் தொட மாட்டாரு" என்று ராய்ஸ் காலையிலிருந்து நூறாவது தடவையாகச் சொன்னார்.

"சரிங்க, கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. வேணும்னா நான் போய் எறியட்டுமா?" என்றாள் லோரீன், சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடி.

அவரையும் குறை சொல்ல முடியாது. ஓக்லஹோமாவில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு, ஒரு பல்கலைக்கழக பேஸ்பால் அணிக்காக ஆள் எடுக்க ஒருவர் வந்து எட்டு வருஷம் ஆகிறது. இப்போது ஒருவர் வந்திருப்பதும் ராய்ஸ், லோரீன் தம்பதியின் மகன் கோல்ட்டரைப் பார்க்கத்தான். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் எங்கள் கேட்சர் அவன். எடுத்துக்கொண்டால் நான்கு வருஷப் படிப்பு. இல்லையென்றால் அப்பாவோடு டயர்க் கடை.

வந்தவர் பெயர் பிரூயிட். கழுத்தில் தொலைநோக்கி, கையில் ஸ்டாப்வாட்ச். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்னவோ, அப்படி ஒரு முகம்.

மூன்றாவது இன்னிங்ஸில் எதிரணிப் பையன் ஒருவன், பந்தை யாரும் அடிக்காமலே, இரண்டாவது பேஸைத் திருட ஓடினான். கோல்ட்டர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்ததும் தெரியவில்லை, எறிந்ததும் தெரியவில்லை. பையன் அவுட்.

ராய்ஸ் ஒட்டகம் மாதிரி கழுத்தை நீட்டி ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார். "ஒண்ணு புள்ளி ஒம்பது ஆறு! லோரீன், பாத்தியா!"

பிரூயிட் எதுவும் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டார். மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போய், எதிர்க்கோடியில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"என்னடி இது, அவ்வளவு தூரத்துல போய் நிக்கிறாரு? அங்கேருந்து பந்து எறியுற பிட்சரோட முதுகுதான் தெரியும்!"

"நீங்க காதுகிட்ட உக்காந்து கத்துறீங்கல்ல. தாங்கல போல."

ஏழாவது இன்னிங்ஸ். அதுதான் கடைசி. இரண்டு பக்கமும் சமம். எதிரணிக்காரன் மூன்றாவது பேஸில் ஓடக் காத்திருக்கிறான். பந்து எறிய வந்தது ஜேஸ். ஒன்பதாம் வகுப்பு. முதல் பெரிய ஆட்டம். தொப்பியை நாலு தடவை கழற்றிக் கழற்றி மாட்டினான்.

எப்படிப் போட வேண்டும் என்று கேட்சர்தான் விரலால் சைகை காட்டுவான். கோல்ட்டர் காட்டினான், ஜேஸ் எறிந்தான். கோல்ட்டர் கையுறையை மார்புக்கு நேராக வைத்துக் காத்திருக்க, பந்து வளைந்து தரையில் குத்தி, கால் நடுவே புகுந்து பின்வேலிக்கு ஓடியது. அதை அவன் துரத்திப் பிடிப்பதற்குள் எதிரணிக்காரன் ஹோம் பேஸுக்கு வந்து ஒரு ஓட்டம் எடுத்துவிட்டான்.

மைதானமே உச்சுக் கொட்டியது. கோல்ட்டர் முகமூடியைக் கழற்றி, ஜேஸைப் பார்த்துத் தன் நெஞ்சில் இரண்டு தடவை தட்டினான். "என் தப்புடா! நீ கவலைப்படாத!" அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"ஊருக்கே கேக்குற மாதிரி சொல்றான் பாரு, மடப்பய" என்று ராய்ஸ் தொப்பியைக் கழற்றி வீசினார்.

அடுத்த பாதியில் அடிக்க வந்த எங்கள் பையன்கள் மூன்று பேரும் வரிசையாக அவுட். தோல்வி.

ஆட்டம் முடிந்து எல்லோரும் வேலியோரம் நின்றிருந்தபோது பிரூயிட் வந்தார். நேராகக் கோல்ட்டரிடம்தான்.

"அந்தப் பந்துக்கு நீ என்ன சைகை காட்டின?"

கோல்ட்டர் திரும்பி பெஞ்சைப் பார்த்தான். அங்கே ஜேஸ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு விரல் சார். வளைச்சுப் போடச் சொன்னேன். அப்புறம் நானே மறந்துட்டு நேர்பந்துக்குக் கையை வச்சுட்டேன்."

"நிச்சயமா? அந்தப் பையன் மாத்திப் போடலியே?"

"இல்ல சார். நான் கேட்டதைத்தான் போட்டான். தப்பு என்னுது."

"சரி, போப்பா."

அவன் போய் ஜேஸ் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டோடு சேர்த்து அவன் தலையைக் கலைத்துவிட்டான்.

ராய்ஸ் பிரூயிட்டை மறித்துக்கொண்டு நின்றார். "சார், இன்னிக்கு ஒரு நாள்தான் இப்படி. வழக்கமா மறக்குற பையன் இல்ல சார். இன்னொரு ஆட்டம் வந்து பாருங்களேன்."

"அவன் மறக்கவே இல்லையே" என்றார் பிரூயிட். "கேட்சர் காலுக்கு நடுவுல காட்டுற விரல் எதிர்க்கோடியிலேருந்து பாத்தாதான் தெரியும். அதுக்குத்தான் அங்க போனேன். பிட்சருக்கு விரல் தெரியணும்னு நகத்துல மஞ்சள் சாயம் வேற பூசியிருக்கான், நிறைய கேட்சருங்க பண்றதுதான். பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஒரே விரல். நேர்பந்து. அந்தச் சின்னப் பையன்தான் பயத்துல மாத்திப் போட்டான்."

லோரீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ராய்ஸுக்கோ வேறு கவலை. ஆள் எடுக்க வந்தவர் முகத்தைப் பார்த்து மகன் பச்சையாகப் பொய் சொல்லியிருக்கிறானே!

"சார், ஒரு நிமிஷம். கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வைக்கிறேன். டேய் கோல்ட்டர்..."

பிரூயிட் அவர் தோளை அழுத்திப் பிடித்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

"கூப்பிட்டுக் காரியத்தைக் கெடுத்துடாதீங்க. எந்த கேட்சருக்கும் இப்படி ஒரு பந்து என்னிக்காவது வரும். வந்ததும் நான் போய் இதே கேள்வியைத்தான் கேப்பேன். இந்த வருஷம் நாலு பேர், தப்பு பிட்சரோடதுன்னு உண்மையைச் சொன்னாங்க. நாலு பேரையும் வேணாம்னுட்டு வந்துட்டேன்."