அடிவரிசை எண்கள்

வங்கிக் கவுண்டரின் கண்ணாடியில் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. இடுப்பில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண், சுருங்கிப்போன காசோலை ஒன்றை உள்ளே நீட்டுகிறாள். கணவரின் சட்டைப்பையோடு சேர்ந்து துவைபட்டுவிட்டது. கையெழுத்தும் வங்கியின் பெயரும் நீலக் கறையாகிவிட்டன. அடியில் அச்சடித்த கறுப்பு எண்கள் மட்டும் அழியவில்லை. "இது செல்லாதும்மா. கொடுத்தவங்ககிட்ட வேற வாங்கிட்டு வாங்க," என்கிறார் அலுவலர். "எங்க அண்ணன் குழந்தைக்குன்னு யார்கிட்டயோ கொடுத்தனுப்பினது சார். என்கூட சண்டை போட்டுட்டுப் போனவன், எந்த ஊர்ல இருக்கான்னே தெரியாது." குழந்தை நூலில் கட்டிய பேனாவைப் பிடித்து இழுக்கிறது. அலுவலர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த அடிவரிசையில் ஒன்பது எண்களின் மேல் மட்டும் பென்சிலை நகர்த்துகிறார். "முதல் மூணு ஊர், நடு மூணு பேங்க், கடைசி மூணு கிளை." பென்சில் தொடக்கத்துக்கே திரும்பி நிற்கிறது. "இது நம்ம ஊரும்மா." "நல்லாப் பாருங்க சார்." அவர் கணினியில் தட்டுகிறார். "பேங்க்தான் வேற. ஸ்டேஷன் ரோட்டுக் கிளை." "அது எங்க வீட்டுக்குப் பின் தெருவாச்சே!"

அவள் குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்புகிறாள். "பாத்தியாடி, உங்க மாமாவோட அழுத்தத்தை!" சிரிப்பு வருகிறது, கண்ணும் நிறைந்துவிடுகிறது. "உங்க அண்ணன் விலாசத்தை அந்த பேங்க்ல தரமாட்டாங்க. தகவல் வேணா சொல்லச் சொல்றேன்," என்று அலுவலர் போனை எடுக்கிறார். "தங்கச்சி தேடுறாங்கன்னு சொல்லட்டுமா?"

"ஐயோ, வேணாம் சார்," என்கிறாள் அவசரமாக. "மருமக தேடுறான்னு சொல்லுங்க."